சோதனைத் துண்டு

அம்பகாமத்தில் காலையில் கருவியை எடுத்ததும்
முதலில் அதுக்கு ஒரு பரீட்சை.
மணலுக்குள் ஒரு துண்டு உலோகம் தாட்டிருப்போம்.
எங்களுக்குத் தெரியும், அதுக்குத் தெரியாது.
அது கத்தினால்தான்
அன்றைக்கு முழங்காலை மண்ணில் ஊன்றலாம்.

பதினெட்டுக் கருவியும் கத்தி முடியும்வரை
மேஜர் பெல்லாமி குழிக்குப் பக்கத்தில் நிற்பார்.
பிரித்தானியப் படையில் கண்ணிவெடி எடுத்து
ஓய்வுபெற்றவர். இடது காது மந்தம்.
சிவகௌரி என்ற பேர் அவர் வாய்க்குள் முறிந்துபோகும்,
அதனால் நான் "பதினேழு".
என்ர லேன் இலக்கம்.

பதக்கங்களை ஒரேயொரு நாள்தான் கண்டேன்.
முதல் துண்டுக் காணியைச் சனத்திடம் கையளித்த அன்று.
ஜீ.ஏ. வந்தா, ஆமி வந்தது, தகரக் கொட்டிலுக்குள் புழுக்கம்.
அவர் கோட்டுப் போட்டிருந்தார், நெஞ்சில் ஏழு.
எண்ணினேன்.
எண்ணாமல் விடுகிற வேலையா என்ர வேலை?

தேத்தண்ணிக்குள் கேட்டேன், எது எதுக்கு எண்டு.
கிளமென்ற் மொழிபெயர்த்தான்.
ஒன்று, பத்தொன்பது வயதில்
ஒரு நகரத்து மூலையில் நின்றதுக்கு;
மழை, செங்கல், யன்னல்களுக்குப் பின்னால் கண்கள்.
இரண்டு, ஒரு குளிர்த்தீவு;
செம்மறிகள் மேய்கிற புல்லுக்குள் கை விட்டது.
மூன்று, மகாராணி ஐம்பது வருசம் ஆட்சியில் இருந்ததுக்கு.
"அவ இருந்ததுக்கு இவருக்கேன்?"
அதைக் கிளமென்ற் மொழிபெயர்க்கவில்லை.
நாலு, பாலைவனம்.
ஐந்தாவதை விரலால் தொட்டார்.
ஆறாவது, நீண்டகால நன்னடத்தை.
ஏழாவதுக்குள் தேத்தண்ணி ஆறிவிட்டது.

அந்த ஐப்பசி, ஒரு இரவு மழை
குழியையும் துண்டையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போனது.
துண்டு இல்லாமல் வேலை தொடங்க ஏலாது.
கிளிநொச்சியிலிருந்து புதுசு வர நாலு நாள்,
நாள் சம்பளக்காரர் பதினெட்டுப் பேர்.
அவர் காற்சட்டைப் பைக்குள் கை விட்டார்.
நாடா இல்லாத ஒரு வட்டம்,
முகம் கீழே பார்க்க வைத்து
காலால் மண் தள்ளினார்.
"பதினேழு."
நான் கருவியைக் கொண்டுபோனேன்.
கத்தியது.
மிதிவெடிக்குக் கத்துகிற அதே சுருதி,
சாப்பாட்டுப் பெட்டி மூடிக்கும்
சைக்கிள் மணிக்கும்
ஒருநாள் பாலை மர வேருக்குள் கிடந்த
பள்ளிக்கூட பட்ஜுக்கும் கத்திய
அதே சுருதி.
"நல்லது. தொடங்குங்கோ" என்றார், தமிழில்,
அவருக்குத் தெரிந்த நாலு சொல்லில் இரண்டு.

எனக்கும் ஒரு சேவைக் கணக்கு இருக்கு:
ஒன்பது வருசம்,
இருபத்தோராயிரத்துச் சொச்சம் சதுர மீட்டர்,
மிதிவெடி முந்நூற்றுப் பன்னிரண்டு,
கழற்றி எறிந்த முழங்கால் உறைகள் எண்ணமில்லை.

போன மாதம் கிளமென்ற் போனில் ஒரு பக்கம் காட்டினான்.
மேஜர் செத்துப்போனார். மகள் விற்கிறாள்.
லண்டனில் ஏலம்.
படம், வருசங்கள், படைப்பிரிவு, எதிர்பார்க்கும் விலை.
"ஆறு பதக்கங்கள் கொண்ட தொகுதி."
திரும்ப வாசிக்கச் சொன்னேன்.
ஆறுதான்.

புதுத் துண்டு வந்ததும் புதுக் குழி வெட்டினோம்.
பழைய குழியை ஒருவரும் தேடவில்லை,
அதுக்குள் இருப்பது தெரியும்தானே
என்று எல்லாரும் நினைத்திருப்போம்.
அவர் மறந்தாரா, விட்டாரா,
விட்டதென்றால் ஐந்தாவதா,
கேட்க ஆளில்லை.
காணியில் உலோகம் ஒன்றுமில்லை என்ற படிவத்தில்
கடைசிக் கையெழுத்து என்னுடையது.

அங்கே இப்போ பத்மலோசினி கச்சான் போட்டிருக்கிறா.
புருசனைக் கடைசியாகக் கண்டது
அந்தப் பக்கத்துக் காட்டுக்குள்தானாம்.
மண்வெட்டி படுகிற சத்தத்துக்கெல்லாம்
கையை எடுத்துவிட்டு நிற்கிறாவாம்.
ஞாயிற்றுக்கிழமை பஸ் எடுத்து ஒருக்காப் போகவேணும்.
வடமேற்கு மூலையில்,
வீரை மரத்திலிருந்து ஆறு எட்டில்
ஏதும் டங் எண்டு கேட்டால்
பயப்படாதேங்கோ, அக்கா,
அது வெடிக்காது எண்டு சொல்ல.